உப்புக்கு வாசனை கிடையாது

"நல்லாருக்குனு சொல்றதுக்கு ஊரே கீது அண்ணாச்சி. இன்னா கொறையுதுனு சொல்லத்தான் ஒர்த்தனும் இல்ல."

இதை அவர் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று தெரியாது. சொல்லும்போது முகத்தில் வருத்தமே இருக்காது. இன்றைக்கு வெயில் ஜாஸ்தி என்று சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு, வாங்கின சாமானைப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். எனக்குத்தான் அந்த வாக்கியம் கல்லாப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் நின்றுகொண்டிருக்கும்.

மந்தைவெளியில் எங்கள் மளிகைக் கடைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தின் இரண்டாவது மாடியில் தனியாக இருந்தார். முப்பது வருஷம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரராக இருந்தவர். தெருவுக்கு அவர் கப்பல்காரர், எனக்குக் கப்பலண்ணன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். ஆனால் மெட்ராஸில் மளிகைக் கடை வைத்தவன் யாராக இருந்தாலும் அவன் அண்ணாச்சிதான். அதனால் அவருக்கு நான் அண்ணாச்சி, எனக்கு அவர் அண்ணன். ஆக, எங்கள் இரண்டு பேரில் தம்பி என்று யாருமே கிடையாது.

முதன்முதலாகக் கடைக்கு வந்த அன்று அவர் கேட்டது தைம். நான் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. எப்படி இருக்கும் என்று கேட்டேன். காய்ந்த குட்டி இலை, வாசனை கிட்டத்தட்ட ஓமம் மாதிரி என்றார். கிட்டத்தட்ட என்கிறாரே, வந்தவரை வெறுங்கையோடு அனுப்புவானேன் என்று ஐம்பது கிராம் ஓமத்தையே மடித்து நீட்டினேன். சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

"இது வயித்து வலிக்கு அண்ணாச்சி. நான் கேக்கறது வூட்டுக்கு வர்ற மச்சான் மாதிரி. வர்றப்போ தெரியணும், வந்து குந்திட்டான்னா தெரியவே கூடாது."

அவ்வளவுதான், எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஒன்பதாவதோடு படிப்பை விட்டவன் நான். எனக்குத் தெரிந்ததெல்லாம் கல்லாவுக்கு அந்தப் பக்கம் நின்று ஆட்கள் சொல்லிவிட்டுப் போனதுதான். பாரிமுனையில் மொத்த வியாபாரியிடம் தைம் கேட்டபோது, மந்தைவெளியில் ஓட்டல் திறக்கிறீர்களா என்று கிண்டல் பண்ணினார். ஒரே ஒரு வாடிக்கையாளருக்காக அந்தப் பாட்டில் எங்கள் அலமாரியில், சுக்குக்கும் திப்பிலிக்கும் நடுவில் ஏறி உட்கார்ந்தது.

தைம் எதற்கு என்றால், ஜம்பலாயாவுக்கு. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்துச் சாப்பாடு அது. கோழி, இறால், புகை போட்ட பன்றி சாசேஜ், அரிசி எல்லாம் ஒரே பானையில் வேகும். தெருவில் அதற்குக் கப்பல் பிரியாணி என்று பெயர் வைத்துவிட்டார்கள். பிரியாணி என்று யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வராது, ஆனால் அடுத்த வாரம் அவர்களுக்குக் கொஞ்சம் கம்மியாக வரும்.

எங்கள் வீட்டில் வழிவழியாகச் சைவம். கடையில் முட்டைகூட வைப்பதில்லை. அப்படிப்பட்டவனிடம் வந்துதான் அவர் பன்றி சாசேஜ் போடுகிற பானைக்கு மசாலா பொறுக்கினார். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வருவார். ஒவ்வொன்றிலும் ஒரு சிட்டிகை எடுத்து இடது உள்ளங்கையில் போட்டு, வலது கட்டைவிரலால் தேய்த்து, மூக்குக்குக் கொண்டுபோய்க் கண்ணை மூடிக்கொள்வார். பின்னால் நிற்கிற மாமிகள் அவர் ஏதோ ஜபம் பண்ணுகிறார் என்று நினைத்து வழிவிடுவார்கள். கண்ணைத் திறந்ததும் தீர்ப்பு வரும். மிளகாய்த்தூள் காஷ்மீரிதான், ஆனால் போன மழைக்கு முந்தினது. இந்த மிளகு நல்ல மிளகு, ஆனால் முன்கோபி. வாசலில் நிற்கவேண்டியது கூடத்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். பிரிஞ்சி இலையை முகர்ந்துவிட்டு ஒரு தடவை சொன்னார்: "இது கடைசி வரைக்கும் பானையில கூடவே வரும். தட்டுல மட்டும் எவனுக்கும் வாணாம்." அதற்கு நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

ஒரிகானோவை மட்டும் என்னிடம் வாங்கமாட்டார். கீழ்வீட்டு ஐடி பையன்கள் பீட்சா வாங்கினால் மிஞ்சுகிற சின்னச் சின்னப் பாக்கெட்டுகளை அவருக்கென்று சேர்த்துவைப்பார்கள். செலரித் தண்டு தேடி அடையாறு வரைக்கும் பஸ்ஸில் போவார். அது இல்லாவிட்டால்தான் என்ன என்று கேட்டதற்கு, வெங்காயம், குடமிளகாய், செலரி மூன்றையும் சேர்த்து அந்த ஊர்ச் சமையல்காரர்கள் திரித்துவம் என்பார்கள் என்று சொன்னார். சாந்தோம் பக்கத்துப் பங்கில் ஞானஸ்நானம் வாங்கினவருக்கு அதைச் சொல்வதில் ஒரு குறும்பு. "வெங்காயம் பிதா. குடமொளகா சுதன். செலரி கீதே, அது ஆவி. கண்ணுக்குத் தெரியாது, இல்லாங்காட்டித் தெரியும்." இதைப் பங்குச் சாமியாரிடமும் சொன்னாராம். அவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சிலுவை போட்டுக்கொண்டாராம்.

எஞ்சின் பழுதாகி நியூ ஆர்லியன்ஸில் கப்பல் நாற்பது நாள் கிடந்தபோது கற்றுக்கொண்டது இந்தச் சமையல். மாலுமிகளுக்கென்று மாதா கோயில்காரர்கள் நடத்துகிற மண்டபத்தில் ஓர் அம்மாள் பெரிய பானையில் கிண்டுவார்களாம். அளவு எதுவும் சொல்லமாட்டார்களாம். கரண்டியை நீட்டி, என்ன குறைகிறது சொல் என்று கேட்பார்களாம். நன்றாக இருக்கிறது என்று சொன்னவனுக்கு அன்றைக்கு இரண்டாவது கரண்டி கிடையாது. இவர் மூன்றாம் நாளே மிளகு குறைகிறது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அந்த அடுப்புக்குப் பக்கத்தில் இவருக்கு ஓர் இடம் கிடைத்தது.

அந்தக் கேள்வியைத்தான் அவர் ஊருக்கெல்லாம் தூக்கிக்கொண்டு அலைந்தார். கப்பலில் பதினெட்டு பேருக்குச் சமைத்த கை. அதற்குக் குறைத்துப் போடத் தெரியாது. மனைவி தவறிப்போன பிறகும் பானை சின்னதாகவில்லை. சனிக்கிழமை மத்தியானம் வாட்ச்மேன், இஸ்திரிக்காரர், கீழ்வீட்டுப் பையன்கள் என்று டப்பா டப்பாவாகப் போகும். சாயங்காலம் டப்பாவைத் திரும்ப வாங்கப் போகிறபோது வாசலிலேயே நின்று கேட்பார், என்ன குறைந்தது என்று. சூப்பர் அங்கிள் என்பார்கள் பையன்கள். ஷோக்கா இருந்தது சார் என்பார் இஸ்திரிக்காரர். தானமாக வந்த சோற்றில் குறை சொல்ல நம் ஜனங்களுக்கு வாய் வருமா. அவர் காலி டப்பாக்களோடு மாடி ஏறிவிடுவார்.

குறை சொல்லத் தெரிந்த ஒரே ஆள் அவர் மகள்தான். ஆறு வயசிலேயே, லீவில் வந்த அப்பா நீட்டின கரண்டியை நக்கிப் பார்த்துவிட்டு, "டாடி, பெப்பர் கம்மி" என்று சொன்ன பெண். அவள் டெக்சாஸில் பெரிய வேலையில் இருக்கிறாள், சொந்த வீடு வாங்கிவிட்டாள் என்பதையெல்லாம் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார். இந்தப் பெப்பர் கதையை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொல்வார். வருஷத்தில் பத்து மாதம் கடலில் இருந்த மனிதர். அந்தப் பெண்ணுக்கு அப்பா என்றால் இந்தப் பானைதான், வேறு ஒன்றும் கிடையாது என்று ஒருமுறை சொன்னார். பெருமையாகத்தான் ஆரம்பித்தார். முடிக்கும்போது குரல் இறங்கியிருந்தது.

ஊரெல்லாம் முகமூடி போட்டுக்கொண்டு அலைந்த அந்தக் காய்ச்சல் காலத்தில் அவரும் படுத்து எழுந்தார். மூன்று வாரம் கடைப்பக்கம் வரவில்லை. நான்காவது வாரம் வந்தார், உடம்பு பாதியாகியிருந்தது. பழையபடி கையில் போட்டுத் தேய்த்து, முகர்ந்து, கண்ணை மூடினார். தீர்ப்புகள் மட்டும் கொஞ்சம் சுருங்கியிருந்தன. ஃபர்ஸ்ட் கிளாஸ் என்பார். அல்லது சும்மா தலையை ஆட்டுவார். உடம்பு அசதி என்று நினைத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு சனிக்கிழமை, மேல்தட்டிலிருந்து கூட்டுப் பெருங்காயத் தூள் டின் ஒன்று விழுந்து வெடித்தது. கூட்டி அள்ளி, பினாயில் போட்டுத் துடைத்தும் போகவில்லை. கடைக்குள் நிற்க முடியாது. தெருவில் போகிறவர்கள்கூட முந்தானையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் கப்பலண்ணன் வந்தார். நேராக உள்ளே வந்து, ஒரு சிட்டிகை வெள்ளை மிளகுத்தூளைக் கையில் தேய்த்து, முகர்ந்து, கண்ணை மூடி, "வாசனை தூக்குது அண்ணாச்சி" என்றார். திரும்பித் தெருவைப் பார்த்துவிட்டு, ஏன் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று கேட்டார்.

குப்பை வண்டி போயிற்று என்று சொன்னேன்.

அவர் என் முகத்தையே பார்த்தார். கையிலிருந்த மிளகுத்தூளைத் தட்டிவிட்டு, எதுவும் வாங்காமல் போய்விட்டார். திங்கட்கிழமை மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து வந்தார். "குப்பை வண்டினு சொன்னீங்க பாருங்க, அதுக்கு தேங்க்ஸ்" என்று ஆரம்பித்தார். மூக்கு மட்டும் இல்லை, நாக்கும் போய்விட்டது. சர்க்கரையும் சாம்பலும் அவருக்கு ஒன்று. டாக்டர் சில பேருக்குத் திரும்ப வரும், சில பேருக்கு வராது என்று சொல்லி அனுப்பிவிட்டார். மகளுக்குத் தெரியாது, சொல்லவும் கூடாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "ருசி தெரியாத அடுப்பாண்ட நிக்கறது, எழவு வூட்ல காவலுக்கு நிக்கறாப்ல கீது அண்ணாச்சி" என்றார்.

அதற்குப் பிறகுதான் நான் அவருக்கு நாக்கானேன்.

சனிக்கிழமைகளில், மத்தியானச் சாப்பாட்டுக்கு அடைக்கிற கடையை இரண்டு மணிநேரம் முன்னதாகவே அடைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போவேன். அந்தச் சமையலறை கப்பல் மாதிரியே இருக்கும். கரண்டிகள் உயர வரிசைப்படி ஆணியில், டப்பாக்கள் ஆட்டம் காணாதபடி கம்பிக்குப் பின்னால். எனக்கென்று ஒரு புதுக் கரண்டியும் ஒரு சின்னப் பாத்திரமும் வாங்கி, அசைவம் படாமல் தனியாக ஜன்னல் பக்கம் மாட்டியிருந்தார். வெங்காயமும் செலரியும் குடமிளகாயும் வதங்கி, பூண்டு, தக்காளி, மசாலா எல்லாம் சேர்ந்து எண்ணெய் பிரிகிற இடம் ஒன்று வரும். கோழியும் இறாலும் பானைக்குள் போவதற்கு முன்னால் உள்ள அந்த இடத்தில்தான் என் வேலை. என் கரண்டியில் கொஞ்சம் எடுத்து நீட்டுவார். நான் ருசி பார்த்து உப்பு, காரம் சொல்லவேண்டும். பிறகு என் பங்கைச் சின்னப் பாத்திரத்தில் எடுத்து, அதில் எனக்கு மட்டும் தனியாகச் சோறு வைத்துவிடுவார். அதற்கு அப்புறம் பெரிய பானையில் நடப்பது எனக்குத் தெரியாத உலகம்.

ஆரம்பத்தில் நானும் ஊரைப்போல நன்றாக இருக்கிறது என்றேன். கோபித்துக்கொண்டார். அதைக் கேட்கவா அண்ணாச்சியைக் கடையை மூடவைத்து மாடி ஏற்றினேன் என்றார். மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டேன். மிளகு முந்துகிறது, மச்சான் இன்னும் வரவில்லை, புளிப்பு தனியாக நிற்கிறது என்று சொல்லச் சொல்ல, அவர் முகம் வாரத்துக்கு வாரம் தெளிந்தது. ஒன்றரை வருஷம் இப்படி ஓடியது. என் மனைவி மட்டும், பன்றி போடுகிற பானைக்கு உப்பு பார்க்கப் போகிறாரே, போய்ச் சேருகிற இடத்தில் சித்திரகுப்தனிடம் என்ன சொல்வார் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் காலையில் அடுப்பைத் திருகிவிட்டுப் பற்றவைக்க மறந்து, செய்தித்தாளோடு கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். எதிர்வீட்டு அம்மாவுக்கு கேஸ் நாற்றம் அடித்து, ஓடிவந்து கதவைத் தட்டியிருக்கிறார்கள். கட்டடச் சங்கத்துச் செயலாளர் அன்றைக்கே மகளுக்கு வாட்ஸப்பில் தெரிவித்துவிட்டார். மறதி, அவ்வளவுதான் என்று இவர் போனில் சொல்லிப் பார்த்தார். மகள் ஐந்து வருஷத்துக்குப் பிறகு டிக்கெட் போட்டாள். கேளம்பாக்கம் தாண்டி வயதானவர்கள் இருக்கிற ஒரு குடியிருப்பில் விசாரித்து வைத்திருப்பதாகவும், நேரில் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றும் சொன்னாளாம்.

"நல்ல எடந்தான் அண்ணாச்சி. நர்ஸ் கீறாங்க, தோட்டம் கீது, உள்ளயே பூசை வைக்கறாங்களாம். ரூம்ல அடுப்பு மட்டும் கெடையாதாம். ஒரு கெட்டில் குடுப்பாங்களாம், வெந்நி போட்டுக்க." கல்லாவின் மேல் வைத்த கையை எடுக்காமல் நின்றார். "வந்த மொத சனிக்கிழமை அவளுக்குப் பானை வைக்கணும். அது மட்டும் கரீட்டா வந்துட்ச்சினா, இங்கயே வுட்டுடுவா."

அந்தச் சனிக்கிழமை அவரைவிட எனக்குத்தான் படபடப்பு. அலமாரியில் இருந்ததை நம்பாமல் பாரிமுனைக்குப் போய்ப் புது மிளகாய்த்தூளும் புது மிளகும் வாங்கி வந்திருந்தேன். மகள் கதவைத் திறந்தாள். அப்பாவின் அதே நெற்றி. வாங்க அங்கிள், டாடி சொல்லியிருக்கார் என்றாள். நான் சாமான் கொண்டுவந்தவன், அப்படியே சாப்பிட்டுப் போகிறவன் என்று அவளுக்குச் சொல்லிவைத்திருந்தார். சமையலறையில், அவள் கூடத்தில் இருந்த நேரம் பார்த்துக் கரண்டியை நீட்டினார். உப்பு சரி, காரம் சரி, மிளகு இன்னும் அரை ஸ்பூன் என்று காதோடு சொன்னேன். போட்டார். மறுபடி பார்த்தேன். ஒன்றரை வருஷத்தில் அப்படி ஒரு பதம் வந்ததில்லை. என் பங்கு சின்னப் பாத்திரத்துக்குப் போயிற்று.

அப்போது மகள் உள்ளே வந்தாள். கையில் பச்சை மூடி போட்ட ஒரு டப்பா. "டாடி, ஒரிஜினல் ஜம்பலாயா மசாலா. நீங்க சந்தோஷப்படுவீங்கன்னு தேடி வாங்கினேன்" என்றாள். அங்கேயே நின்றாள். அவர் டப்பாவை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, என்னிடம் கொடுத்து, மளிகைக் கடைக்காரர் சொல்லட்டும், இந்தப் பானைக்கு எத்தனை ஸ்பூன் என்றார். விளையாட்டுப்போலத்தான் கேட்டார்.

மூடியைத் திறந்து முகர்ந்தேன். பூண்டு, மிளகாய், மிளகு, கொஞ்சம் தைம். பழுதில்லாத சரக்கு. டப்பாவின் முதுகில் பொடி எழுத்தில் என்னவோ அச்சடித்திருந்தது. என் கண்ணாடி கடையில் இருந்தது. முப்பது வருஷமாக மசாலாப் பொடி விற்கிறவன் நான். கறிமசாலாவோ சாம்பார்ப் பொடியோ, பொடி வேறு உப்பு வேறு. இது எங்கள் தொழிலில் யாரும் யோசிக்கிற விஷயமே இல்லை. ஒன்றரை வருஷமாக அந்த வீட்டில் வாசனையே பெரிய கவலையாக இருந்து, எனக்கும் மூக்குதான் எல்லாம் என்று ஆகியிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைக்கத் தோன்றவில்லை. உப்புக்கு வாசனை கிடையாது.

நாலு ஸ்பூன், கோபுரமாகவே போடலாம் என்று சொன்னேன்.

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். நாலு ஸ்பூன் போட்டார். பிறகு கோழி, சாசேஜ், புழுங்கலரிசி, கடைசியில் இறால். மூடி விழுந்தது.

இரண்டு மணிக்கு மூன்று பேரும் உட்கார்ந்தோம். என் தட்டில் எல்லாம் அளவாக, அருமையாக இருந்தது. அதனால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மகள் ஒரு வாய் எடுத்தாள். மெல்லுவது நின்றது. விழுங்கிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். அப்பாவைப் பார்த்தாள். அவர் ஸ்பூன் ஸ்பூனாக, நிதானமாக, சூடு ஆறும் முன்னால் சாப்பிடவேண்டும் என்கிற கப்பல் வழக்கப்படி சாப்பிட்டுக்கொண்டே, நியூ ஆர்லியன்ஸ் மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாதித் தட்டு காலி. அவள் இன்னொரு வாய் எடுத்து, ஸ்பூனைத் தட்டின் ஓரத்தில் வைத்தாள்.

இன்னாம்மா கொறையுது என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாடி." பிறகு மூக்கை லேசாக உறிஞ்சினாள். "கேஸ் வாசனை வருதுல்ல டாடி?"

நான் முகர்ந்து பார்த்தேன். பானை வாசனையைத் தவிர வேறு எதுவும் இல்லை. இல்லையே அம்மா என்று சொல்ல வாய் திறந்தேன். அவள் மேஜைக்கு மேலே கையை லேசாக உயர்த்தினாள். அவள் கண் அப்பாவின் மேலேயே இருந்தது.

அவர் முகத்தைத் தூக்கி, கண்ணை மூடி, கடையில் செய்கிற மாதிரியே மூச்சை இழுத்தார்.

"ஆமாம்மா. லேசா அடிக்குது." எழுந்து உள்ளே போனார்.

சிலிண்டர் மூடியைத் திருகுகிற சத்தம் கேட்டது. அவள் அழவில்லை. என் பக்கம் திரும்பி, எத்தனை நாளாக அங்கிள் என்று கேட்டாள். ஒன்றரை வருஷம் ஆகிறது என்று சொன்னேன். பொய் சொல்ல அங்கே இடம் இல்லை.

"உங்களுக்குச் சொல்லியிருக்கார்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு என்னால் என் தட்டைத் தொட முடியவில்லை.

அவர் திரும்பி வந்து, ஒன்றும் இல்லை, மூடித்தான் இருக்கிறது என்றார். உட்கார்ந்து ஸ்பூனை எடுத்தார். மகள் கையை நீட்டி அந்தத் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"போதும் டாடி. உப்பு."

ஸ்பூன் அவர் கையிலேயே நின்றது. ஏன் என்று கேட்கவில்லை, எப்படி என்று கேட்கவில்லை. "எவ்ளோ?" என்றார். சமையல்காரன் கேட்கிற கேள்வி அது.

"வாயில வைக்க முடியல" என்றாள் அவள். சொல்லிவிட்டு, எழுந்து வந்து, அவர் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நான் செருப்பு மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டேன். செருப்பு மாட்டுவதற்கு முன்னால் சமையலறைக்குப் போய் அந்த டப்பாவை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கிப் படித்தேன். சேர்மானங்களில் முதல் வார்த்தையே உப்புதான்.

பத்து நாளில் வீட்டைக் காலி செய்தார்கள். போகும்போது கடைக்கு வந்து, மகள் அவசரப்படுகிறாள் என்று சொல்லி, நின்றபடியே விடைபெற்றார். அவள் டாக்ஸியில் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பானையைக் கெடுத்தது நீங்கள் இல்லை, நான்தான் என்று சொல்ல நினைத்தேன். கல்லாவில் கூட்டம் இருந்தது. சொல்லவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்ன மாதிரியே நர்ஸ், தோட்டம் எல்லாம் இருந்தன. அறை சுத்தமாக இருந்தது. மேஜையில் கெட்டில். முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டு, விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தார். மகள் தினம் போன் பண்ணுகிறாளாம். முன்னால் வாரத்துக்கு ஒன்று, இப்போது தினம் என்றார். இங்கே சாப்பாடு எப்படி என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். சூடா கீது என்றார்.

பிறகுதான், தரையைப் பார்த்துக்கொண்டு, டப்பா விஷயத்தைச் சொன்னேன். அதில் பாதிக்கு மேல் உப்பு, நான் பார்க்காமல் நாலு ஸ்பூன் சொன்னேன், தப்பு என் மேல் என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

"அந்த டப்பாவை எனக்குத் தெரியாதா அண்ணாச்சி" என்றார். "நாப்பது நாளு அந்த ஊர்ல கெடந்தவன். அந்த மண்டபத்துல வரிசையா அடுக்கி வச்சிருப்பாங்க. உப்புதான் அது."

"அப்புறம் ஏன் போட்டீங்க?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். "ஒன்ற வருசமா அவளாண்ட சொல்லணும்னு போனை எடுக்கறேன், வாய் வர்ல. பானை சொல்லட்டும்னு வுட்டுட்டேன்."

அது உண்மையா, இரண்டு பஸ் மாறி வந்தவனின் மனம் நோகக் கூடாது என்று அந்த நிமிஷம் கட்டிச் சொன்னதா, எனக்கு இன்றுவரை தெரியாது. பானை சொல்லட்டும் என்று விட்டவர், இல்லாத கேஸுக்கு ஏன் ஆமாம் என்றார்? கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்டால் பதில் கிடைத்துவிடும் என்று விட்டுவிட்டேன்.

கீழே சாப்பாட்டு மணி அடித்தது. இரண்டு பேரும் இறங்கிப் போனோம். வெளியாட்களுக்கு உள்ளே அனுமதி இல்லை என்றார்கள், கதவோரம் நின்றேன். பெரிய ஹால். நீள மேஜைக்குப் பின்னால் தொப்பி போட்ட ஒரு பெண் கரண்டியோடு நின்றாள். முப்பது வருஷம் பரிமாறின மனிதர் ஒரு எவர்சில்வர் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் ஒன்பதாவதாக நின்றார். முன்னால் இருந்தவர் ஓர் அடி நகர்ந்தார். இவரும் தட்டை மார்போடு பிடித்துக்கொண்டு, ஓர் அடி நகர்ந்தார்.